தனியாக ஆடுவதற்கு ஒரு வேஷம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் செய்யலாம், தனியாக மட்டும் செய்யக் கூடாது. சில்வர் பீச்சுக்குத் தனியாகப் போய் மணலில் உட்கார்ந்து பாருங்கள். சுண்டல்காரர் வருவார், ஆனால் சுண்டல் விற்க வரமாட்டார். "இன்னாம்மா, தனியா ஒக்காந்துருக்க, வீட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்க வருவார். ஓட்டலில் தனியாக உட்கார்ந்தால் சர்வர் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, வர வேண்டியவர் வரட்டும் என்று ஆர்டர் எடுக்காமல் போய்விடுவார். மஞ்சக்குப்பத்தில் ஒரு தடவை அப்படி உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் நானே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், யாரோ வரப்போகிற மாதிரி.

கடலூரில் ஒரு முந்திரி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது மகள் டியூஷனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் வங்கியிலிருந்து வர ஏழு மணி தாண்டும். நடுவில் ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் இல்லை. கல்யாணமானதிலிருந்து எனக்கென்று யாராவது ஏதாவது விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் அது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் யாரும் யோசித்துக் கொடுத்ததில்லை, எடுக்க மறந்துபோனது. அதில் துணி மடிப்பது, மாவு கரைப்பது, நாத்தனார் போனில் பேசுவதைக் கேட்பது என்று பாதி போய்விடும். மீதியில் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. டிவி போட்டால் அதிலும் குடும்பம் குடும்பமாக அழுகிறார்கள்.

என் மாமியார் வீடு சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு அங்கே போய்விடுவோம். என் கொழுந்தன் மாடி அறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான். வேலை பார்க்கிறான் என்று சொல்வது வழக்கம். நான் டீ கொண்டுபோகும் போதெல்லாம் அவன் யாராவது ஒரு அரக்கனை வெட்டிக்கொண்டிருப்பான். இணையத்தில் ஆடும் விளையாட்டு. பெரிய தேசம், காடு, மலை, கோட்டை. நாமாக ஒரு ஆளை உருவாக்கி உள்ளே இறக்கிவிட வேண்டும். நாலு நண்பர்கள் நாலு ஊரிலிருந்து காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "டேய் அடிடா, டேய் ஓடுடா" என்று கத்துவார்கள். எனக்குக் கத்தல் பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தேசம் பிடித்திருந்தது. ஒரு தடவை அவன் ஆளை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு டீ குடித்தான். அவ்வளவு பெரிய இடத்தில் அந்த ஆள் ஒற்றையாக நின்றதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நிஜமாகவே பொறாமை, மறைக்க ஒன்றுமில்லை.

"தம்பி, இத தனியா ஆட முடியுமா?" என்று கேட்டேன்.

"தனியாவா? இன்னாத்துக்கு அண்ணி தனியா?" என்றான். சுண்டல்காரரின் அதே முகம்.

முடியும் என்றுதான் பிறகு தெரிந்தது. ஆனால் அதற்கு முதலில் கிளாஸ் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளாஸ் என்றால் நம் ஆள் போடும் வேஷம், செய்யும் தொழில். முன்னால் நின்று அடி வாங்குபவர், மந்திரம் போடுபவர், வில் விடுபவர், அடிபட்டவர்களுக்கு வைத்தியம் செய்யும் ஹீலர், பிணங்களை எழுப்பி வேலை வாங்குபவர், கண்ணுக்குத் தெரியாமல் நழுவும் திருடர். சில வேஷங்கள் கூட்டத்தோடு ஆடத்தான் லாயக்கு. தனியாகப் போனால் முதல் காட்டுப்பன்றியே முடித்துவிடும். தனியாக ஆடுகிறவள் யோசித்து எடுக்க வேண்டும். காசு கட்டாத கணக்கில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். இன்னொருவர் வேண்டுமென்றால் இருப்பவரை அழித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

யோசித்து நான் எடுப்பதாவது! அதற்குள் வீடு கூடிவிட்டது. பத்தாவது முடித்தபோது எனக்கு எந்த குரூப் என்று முடிவு செய்ய என் அப்பாவும் மாமாக்களும் இப்படித்தான் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எனக்குச் சரித்திரம் படிக்க ஆசை. என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, "டீ ஆச்சாம்மா?" என்று கேட்டார்கள். காமர்ஸ் கிடைத்தது. பேங்க் மாப்பிள்ளை வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு மாமா சொன்னார். அவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும், பேங்க் மாப்பிள்ளையே வந்தார்.

"அண்ணிக்கு ஹீலர்தான் செட் ஆவும்," என்றான் கொழுந்தன், ஜாதகம் பார்த்த மாதிரி. காரணம் கேட்டேன். "உங்க நேச்சருக்கு அதான்," என்றான். என் நேச்சர் எனக்குத் தெரியும். கேள்வி கேட்கக் கேட்க நிஜக் காரணம் வெளியே வந்தது. அவன் கும்பலில் ஹீலராக இருந்த பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. "பொண்டாட்டி லாகின் பண்ண வுட மாட்டேங்குது அண்ணி. பாவம் அவன்." அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, ஆனால் உடனே மரியாதை வந்தது.

வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "ஹீலரே போடு. ரிஸ்க் ஜாஸ்தி இல்லாத வேலை," என்றார். ஃபிக்சட் டெபாசிட்டுக்கு ஆள் பிடிக்கிற குரல்.

"ஹீலர்னா இன்னாடா?" என்று மாமியார் கேட்டார்.

"வைத்தியம் பாக்குறவுங்கம்மா."

"டாக்டரா!" என்று அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு மகன்களில் ஒருவனையாவது டாக்டருக்குப் படிக்கவைக்க ஆசைப்பட்டு நடக்காமல் போன வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. அன்றைக்கே தன் தங்கை, அண்ணாகிராமத்துச் சித்திக்கு போன் போட்டு, "எம் மருமவ கம்ப்யூட்டர்லியே டாக்டருக்கு ஏதோ பண்ணுது" என்று சொல்லிவிட்டார். அடுத்த முறை நான் போனபோது சித்தி ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பலாப்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைக் கணுக்கால் வரை தூக்கி முட்டியைக் காட்டினார். "ராத்திரியானா குத்துதும்மா. இன்னா போடலாம்?" நான் அசடு வழிந்தேன். கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினான். கடைசியில் தைலம் தேய்க்கச் சொன்னேன். அது வேலை செய்ததாகத் தகவல் வந்தது, அதுதான் இன்னும் மோசம்.

விளையாட்டில் எனக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது கொழுந்தன், பாஸ்வேர்டு வைத்ததும் அவன். ஆனால் கடலூருக்கு வந்து, கம்பெனியில் கழித்துப்போட்ட லேப்டாப்பைத் திறந்தபோது, நான் ஹீலர் பக்கம் திரும்பவே இல்லை. நாள் பூராவும் வீட்டில் பார்க்கிற வேலையைக் கம்ப்யூட்டரிலும் போய்ப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா?

முதலில் கோடாரி தூக்கிய போர்வீரியைப் போட்டேன். பார்க்க ஜோராக இருந்தாள், இரண்டு பேர் அகலம். அவள் வேலை என்னவென்று போகப் போகத்தான் தெரிந்தது. எல்லா அடியையும் முன்னால் நின்று வாங்கிக்கொண்டு, நகராமல் இருப்பது. மூத்த மருமகளாக நான் அதில் ஏற்கனவே பெரிய லெவல். அழித்துவிட்டேன்.

இணையத்தில் தேடினேன். தனியாக ஆட எது நல்லது என்று ஆயிரம் பையன்கள் வீடியோ போட்டிருக்கிறார்கள். ஒருத்தன் முழு வீடியோவும் "சோலோவுக்கு இதான் கிங்கு" என்று தொண்டை கிழியச் சொல்லிவிட்டு, கடைசியில் "ஃபிரெண்ட்ஸோட ஆடுனா இன்னும் மாஸா இருக்கும்" என்று முடித்தான். உன் சோலோவில் தீயை வைக்க! இருந்தாலும் பெரும்பாலானவர்கள் வில்லாளியைச் சொன்னார்கள். தூர நின்றே அடிக்கலாம், யாரும் கிட்டே வரமாட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

வில்லாளியோடு ஒரு ஓநாய் வந்தது. நான் கேட்கவில்லை, தொழிலோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். நான் அம்பு விடும்போது அது குறுக்கே நின்று எதிரியைக் கடிக்குமாம். நல்லதுதான் என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கறித்துண்டின் படம் மின்ன ஆரம்பித்தது. ஓநாய்க்குப் பசி. கறி வேண்டுமென்றால் மான் வேட்டையாட வேண்டும். வேட்டையாடிப் போட்டேன். மறுநாள் மீன்தான் வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதற்கு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பில் சாதம் குழைந்து போயிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரர் "இன்னா இது, கஞ்சியா?" என்றார். ஓநாய்க்குப் போட்ட மீனை நினைத்துக்கொண்டு ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அடுத்தது பிண மந்திரவாதி. இதைத்தான் பெரிய மூளைக்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். செத்தவர்களை எழுப்பிவிட்டால் எல்லா வேலையையும் எலும்புக்கூடுகள் பார்த்துக்கொள்ளும், நாம் கைகட்டி நிற்கலாம். வேலைக்கு ஆள் வைத்துப் பழக்கமில்லாத எனக்கு இது சொர்க்கம் மாதிரி தெரிந்தது. சமயம் பார்த்து அத்தை வீடியோ கால் போட்டார். பின்னால் லேப்டாப்பில் எலும்புக்கூடு ஒன்று தாடையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, இன்னா அது?"

சொன்னேன்.

"ஐயோ சாமி! சுமங்கலிப் பொண்ணு, வெள்ளிக்கெழம அதுவுமா, பொணத்த எழுப்பிக்கினு ஒக்காந்துருக்கியே! டாக்டருக்குப் படிச்சா பொழைக்க வைக்கணும், செத்தவுங்கள எழுப்பிவுட்டு வேலையா வாங்குவாங்க?"

அத்தைக்காக நான் அதை விடவில்லை. எலும்புக்கூடுகளே விட வைத்தன. நான் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும், உட்கார்ந்தால் சுற்றி நின்று என் முகத்தையே பார்க்கும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் போல. கதவில் ஒன்று மாட்டிக்கொள்ளும், திரும்பிப் போய் இழுத்து வர வேண்டும். ஒன்று பள்ளத்தில் விழுந்து அங்கிருந்தே ஊளையிடும். அடிபட்டால் என் உயிரிலிருந்து கொஞ்சம் எடுத்து அதற்கு ஊற்ற வேண்டும். செத்த பிறகும் உங்களுக்கு நான்தான் பார்க்க வேண்டுமா? தனியாக ஆடுகிறவளுக்கு ஏற்றது என்று உலகமே சொல்லும் வேஷத்தில், என்னைச் சுற்றி எப்போதும் ஒரு குடும்பம் நின்றது. தனிமை என்றால் என்னவென்று அந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கும் தெரியவில்லை. அவர்களுக்கும் அம்மாவோ மனைவியோ வேளாவேளைக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள் போல.

கடைசியாகத்தான் திருடி. அவளை யாரும் சிபாரிசு செய்யவில்லை. கவசம் கிடையாது, அடி ஒன்று விழுந்தால் காலி. ஓநாய் கிடையாது, எலும்பு கிடையாது. அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான், ஒரு பட்டனைத் தட்டினால் மறைந்துவிடுவாள். அரக்கன் மூக்குக்குக் கீழே நடந்து போகலாம், அவன் கொட்டாவி விடுவான். அவளோடு நான் ஒருத்தரையும் கொல்லவில்லை. கோட்டைக்குள் நுழைந்து ராஜாவின் மேஜையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். காவலாளிகள் பேசுவதை நின்று கேட்பேன். மலை உச்சிக்கு ஏறி, ஏறியதற்கு எந்தக் காரணமும் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருப்பேன். "சாப்டியா", "எங்க இருக்க", "எப்ப வருவ" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. எப்போதாவது வழியில் போகிற யாராவது ஆங்கிலத்தில், தனியாகவா இருக்கிறாய், எங்கள் கூட்டத்தில் சேர்கிறாயா என்று எழுதுவான். உலகம் பூராவும் சுண்டல்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு மறைந்துவிடுவேன்.

எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதே, இன்றைக்கு அந்த ஏரிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று திட்டம் போடுவேன். ஆடியில் தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும் அவளோடுதான் என் சாயங்காலம். மழையில் கரண்ட் போகாத நாளெல்லாம் அந்த ஒரு மணி நேரம் முழுசாக என்னுடையதாக இருந்தது. அலுவலகத்தில் ஒரு தடவை காரணமில்லாமல் சிரித்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரி "இன்னா மேடம், ஜாலியா இருக்கீங்க" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

சிதம்பரத்தில் மட்டும் இது செல்லுபடியாகவில்லை. "நல்ல குடும்பத்துப் பொண்ணு திருடி வேஷம் போட்டா எப்படிம்மா? சித்தி கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?" என்பது அத்தையின் கவலை. "ஆபீஸ்ல சொல்லிக்காத" என்பது வீட்டுக்காரருடையது. கொழுந்தனோ பார்க்கும்போதெல்லாம், "லெவலே ஏறல அண்ணி, வேஸ்ட் பண்றீங்க" என்பான். எதை வேஸ்ட் செய்கிறேன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் இருந்தோம். அத்தை கத்திரிக்காய் கொத்சு செய்திருந்தார். மகன்கள் இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள், அப்புறம் என் மகள், அப்புறம் நான். அத்தை கடைசியில் உட்கார்ந்து, கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டார். நான் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து கொழுந்தன் கூப்பிட்டான்.

"அண்ணி, மேல வாங்க! ஒரு சர்ப்ரைஸ்!"

ஈரக்கையோடு போனேன். திரையில் என் கணக்குத் திறந்திருந்தது. அதில் வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், தலையைச் சாய்த்துக்கொண்டு கனிவாகச் சிரித்தாள். கையில் வெளிச்சம் விடும் ஒரு கோல்.

"யாரு இது?"

"உங்க ஹீலர்! பண்டிகைக்கு எல்லார் கணக்குக்கும் கேம்காரன் ஒரு டோக்கன் குடுத்தான் அண்ணி, நேரா மேல் லெவலுக்கு ஏத்திவுடும். உங்களுத யூஸ் பண்ணி ரெடி பண்ணிட்டேன். இன்னிக்கு டிராகன் அடிக்கிறோம், எங்களுக்கு ஹீலர் இல்ல. நீங்கதான் ஹீலர்!"

"என் ஆளு எங்க தம்பி?"

"அந்தத் திருடியா? டெலீட் பண்ணிட்டேன். ஒரு எடம்தான இருக்கு."

அழிப்பது அவ்வளவு சுலபமில்லை, எனக்குத் தெரியும், நானே மூன்று பேரை அழித்திருக்கிறேன். நிச்சயமாகவா என்று இரண்டு முறை கேட்கும். பிறகு அந்த ஆளுக்கு நாம் வைத்த பெயரை எழுத்தெழுத்தாக டைப் செய்யச் சொல்லும். அவன் உட்கார்ந்து, நான் வைத்த பெயரைத் தப்பில்லாமல் டைப் செய்திருக்கிறான்.

அழுதால் "ஒரு கேமுக்கா?" என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். அதற்குள் வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டே மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அட வுடும்மா, பொம்மதான. சின்னப் பையன் ஆசையா கேக்குறான்" என்றார். சின்னப் பையனுக்குப் பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தையும் மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டார். மருமகள் வைத்தியம் பார்ப்பதைப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. எனக்குக் கொழுந்தனின் பழைய லேப்டாப், அவனுக்கு அவனுடைய பெரிய திரை. ஸ்பீக்கரில் நாலு ஊர்க் குரல்கள் "வணக்கம் அண்ணி" என்றன.

"ரொம்ப ஈஸி அண்ணி," என்று பாடம் நடத்தினான். "இந்தப் பச்சைக் கோடு எல்லாம் எங்க உயிரு. கொறஞ்சா அது மேல கிளிக் பண்ணி ஒண்ணாம் நம்பர் பட்டன அமுக்குங்க, ஏறிடும். மொதல்ல டேங்க்குக்கு, அதான் முன்னால நின்னு அடி வாங்குறவனுக்கு. அப்புறம் எனக்கு. அப்புறம் மத்த மூணு பேருக்கு."

"எனக்கு அடிபட்டா?"

"அதுக்கு ரெண்டாம் நம்பர் பட்டன் இருக்கு. ஆனா அத அமுக்காதீங்க, சக்தி வேஸ்ட்டாவும். எங்களுக்குப் போட்டு மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்."

அத்தை என் தோளுக்குப் பின்னாலிருந்து இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிராகன் ஒரு குகைக்குள் படுத்திருந்தது. கும்பல் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தது. முதல் கொஞ்ச நேரம் நான் சொன்னபடி கேட்டேன். கோடு குறைந்தது, அமுக்கினேன், ஏறியது. வேறு ஒன்று குறைந்தது. "அண்ணி எனக்கு", "அண்ணி இங்க", "அண்ணி சீக்கிரம்". ஒருவன்கூட டிராகன் எதிரில் நிற்கிறதே என்று ஒதுங்கவில்லை, அண்ணி இருக்கிறாள் என்ற தைரியத்தில் நெருப்புக்குள்ளேயே நின்று வெட்டினான்கள். கைவிரல் வலித்தது. என் வெள்ளை அங்கிக்காரி பின்னால் நின்று, தன் மேல் விழும் தீப்பொறியைப் பொறுத்துக்கொண்டு, அதே கனிவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுடைய கோடு கடைசி வரியில் இருந்தது, பாதிக்கும் கீழே போய்ச் சிவந்துவிட்டது.

இரண்டாம் நம்பரை அமுக்கினேன். அவள் கோடு ஏறியது. திரும்பவும் அமுக்கினேன்.

"அண்ணி, டேங்க் சாவுறான், டேங்க்கு!"

இரண்டு.

"அண்ணி, எனக்கு! எனக்குப் போடுங்க! கீழ பாருங்க, என் கோடு!"

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவன் கோடு காலியானது. முன்னால் நின்றவன் விழுந்தான், கொழுந்தன் விழுந்தான், பிறகு ஒருத்தன் மேல் ஒருத்தனாக மிச்சப் பேரும். ஸ்பீக்கரில் அடேங்கப்பா, என்ன ஒப்பாரி! கடைசியில் குகையில் நானும் டிராகனும்தான். அது அடித்தது, நான் இரண்டை அமுக்கினேன். அது அடித்தது, நான் அமுக்கினேன். அதனால் என்னைக் கொல்ல முடியவில்லை, என்னாலும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு விரோதமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"வேணும்னே பண்ணீங்களா அண்ணி?" கொழுந்தனுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"ஆமா தம்பி."

அவன் கையிலிருந்த மவுஸை மேஜையில் வீசிவிட்டுக் கீழே போனான். "இன்னா இப்படிப் பண்ற? சின்னப் பையன்..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார். பல்குச்சியோடு தம்பியைச் சமாதானப்படுத்தப் போய்விட்டார். கீழே அவன் "அஞ்சு பேரு செத்தோம்ணே!" என்று சொல்வது மாடி வரை கேட்டது.

டிராகனின் தீ எட்டாத மூலைக்கு வெள்ளை அங்கிக்காரியை நகர்த்தி நிறுத்திவிட்டு, நான் பாஸ்வேர்டை மாற்றினேன். புதிதாக எதை வைப்பது என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, திருடியின் பெயரை வைத்தேன்.

அத்தை எழுந்து போகவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். வளர்த்த பிள்ளை சாகும்போது பார்த்துக்கொண்டு நின்றாயே என்று இரண்டு நாளைக்குப் பேச்சு இருக்கும் என்று தயாராக இருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முந்தானையில் கையைத் துடைத்தார். கையில் இன்னும் கொத்சு வாசனை. திரையில் எல்லோரும் விழுந்து கிடக்க, வெள்ளைப் புடவை மாதிரி அங்கி கட்டியவள் மட்டும் நிற்பதை வெகுநேரம் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவுங்களுக்கெல்லாம் குடுக்காம, நமக்கே போட்டுக்கலாமா இதுல?"

"போட்டுக்கலாம் அத்தை."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. ஆனா பட்டன் வேல செய்யும்."

அத்தை கொஞ்சம் குனிந்து, எது இரண்டாம் நம்பர் என்று கீபோர்டில் தேடினார்.